உறுமி அடிக்கும் கைக்கு எந்தச் சாம்பிளர்?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் எழுதியது: "உறுமி மேளக் குழுவில் பல வருடமாக அடிக்கிறேன். ராப் பாடும் நண்பனோடு சேர்ந்து ஐந்தாறு பாட்டு முடித்து வெளியிட வேண்டும். பிறகு அதையே திருமண விருந்துகளிலும் சிறு மேடைகளிலும் வாசிக்க வேண்டும். எங்கள் குழுவின் உறுமி, தவில் சத்தத்தையே பீட்டாக்க ஆசை. மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வேலை ஓடவில்லை. கையில் 2,500 வெள்ளி இருக்கிறது. புதிய எஸ்பி-404 எம்கே2, பழைய எம்பிசி ஒன் பிளஸ், பழைய டிஜிடாக்ட் மூன்றையும் அந்தக் காசுக்குள் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் எஸ்பி என்கிறார்கள். பழைய சினிமா இசைத்தட்டுகளிலிருந்தும் எடுக்கலாமா, அண்ணா?"

தம்பி, நீங்கள் பார்த்த மூன்றும் சாம்பிளர்கள்தான்: சத்தத்தைத் துண்டாகப் பதிந்து (அந்தத் துண்டுதான் சாம்பிள்), பேடு எனும் பொத்தானைத் தட்டி அதை ஒலிக்க வைக்கும் கருவிகள். பாட்டு முடிப்பது முதலில், மேடை பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசை உண்மை என்றால் எம்பிசி ஒன் பிளஸை வாங்குங்கள். நண்பர்கள் சொல்லும் எஸ்பி நல்ல கருவிதான், அதன் எஃபெக்ட்டுகளுக்கு ஈடு மற்ற இரண்டிலும் கிடையாது. ஆனால் உங்கள் கை உறுமிக்குப் பழகிய கை. அந்தக் கையின் நடையை எது சிதைக்காமல் வாங்கிக்கொள்ளும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உறுமி மேளத்தில் திஸ்ர நடை நிறைய. ஓர் அடிக்குள் மூன்று தட்டு. பீட் கருவிகளோ பெரும்பாலும் ஒரு தாள வட்டத்தைப் பதினாறு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கும், அதாவது ஓர் அடிக்கு நான்கு. திஸ்ரத்தை அந்தக் கட்டத்தில் திணித்தால் மூன்றில் இரண்டு தட்டு இடம் மாறி உட்காரும். 'அடித்தது ஒன்று, கேட்பது ஒன்று' என்று பலர் கருவியைக் குறை சொல்வது இதனால்தான். எம்பிசியில், தட்டுகளைக் கட்டத்துக்கு நகர்த்தும் டைம் கரெக்ட் என்ற பகுதியைத் திறந்து 1/8டி (ஓர் அடிக்கு மூன்று) என்று வைத்தால் 4/4 வட்டத்துக்கு 12 இடம் கிடைக்கும், உங்கள் திஸ்ரம் அப்படியே உட்காரும். இன்னும் முக்கியமானது, ஒவ்வொரு டிராக்கைப் பதிவதற்கு முன்னும் இதை மாற்றிக்கொள்ளலாம். கிக், ஸ்நேர் இரண்டையும் 1/16இல் நேராகப் பதியுங்கள், அதன் மேல் உறுமியை 1/8டியில் பதியுங்கள். நேர் நடை ஹிப்-ஹாப் மேல் திஸ்ர உறுமி உருளும் அந்த இழுபறிதான் உங்கள் குழுவின் அடையாளமாகப் போகிறது. ஏழு எண்ணிக்கையில் ஓடும் மிஸ்ர சாப்பு வேண்டுமென்றால் சீக்வென்ஸின் (கருவியில் பதியும் தாளப் பகுதியின்) தாள அளவை 7/8 என்று மாற்றினால் போதும்.

டைம் கரெக்டை முழு அளவில் வைக்காதீர்கள். அதற்குள் ஸ்டிரெங்த் என்று ஒரு சதவீதம் இருக்கும். 50 முதல் 60க்குள் வைத்தால் தவறிய தட்டு பாதி தூரம் மட்டும் கட்டத்தை நோக்கி நகரும், கையின் சாய்வு மிஞ்சும். நன்றாக விழுந்த பகுதிக்கு முழுதாக அணைத்தே விடலாம். அமெரிக்க ஹிப்-ஹாப் பீட் கலைஞர் ஜே டில்லாவின் டிரம்ஸ் ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் பதில் இதுதான்: கட்டத்தோடு ஒட்ட வைக்காமல் கையாலேயே வாசித்தார். அவர் பயன்படுத்திய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்விங், அதாவது ஒவ்வோர் இரண்டாவது தட்டையும் சற்றுப் பின்தள்ளும் வசதி, வேறு சங்கதி. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த எம்பிசி 60 காலத்திலிருந்தே அது 50 முதல் 75 சதவீதம் வரை ஓடும் ஓர் அளவு. 50 என்றால் நேர், 66 ஏறக்குறைய திஸ்ரம். ஹை-ஹேட்டுக்கு 54இலிருந்து 58 வரை வைத்துப் பாருங்கள். ஸ்விங் 1/8, 1/16 கட்டங்களுக்குத்தான் வேலை செய்யும். ஏற்கெனவே திஸ்ரத்தில் இருக்கும் உறுமி டிராக்குக்கு அது தேவையும் இல்லை.

எம்பிசியைச் சொல்ல இரண்டாவது காரணம் அடுக்கு. ஒரு பேடுக்குள் குறைந்தது நான்கு சாம்பிளை அடுக்கி வைத்து, அடிக்கும் பலத்துக்கு ஏற்பவோ, ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்ததாகச் சுற்றியோ ஒலிக்க வைக்கலாம். தோல் கருவிக்கு இது உயிர். ஒரே உறுமித் தட்டு பதினாறு முறை ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும், மூன்றே விநாடியில் காது அதைப் பொய் என்று பிடித்துவிடும். எஸ்பியில் ஒரு பேடுக்கு ஒரு சாம்பிள்தான். நான்கு பேடுகளில் நான்கு தட்டு வைத்து விரலை மாற்றி மாற்றி அடிக்கலாம், ஆனால் உறுமி, தவில், ஜால்ரா என்று சேரும்போது பதினாறு பேடு போதாமல் போகும்.

டிஜிடாக்டை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். 2017இல் வந்த அந்த முதல் பதிப்பின் பொத்தான்கள் அடியின் பலத்தை உணராது, மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம். வாசிப்பவருக்கு இது பெரிய இழப்பு. எட்டு டிராக், எட்டும் மோனோ. வேகம் மாற்றினால் சுருதியும் மாறும், சுருதியைப் பிடித்துக்கொண்டு வேகத்தை மட்டும் நீட்டும் வசதி இல்லை. ஒரு பிராஜெக்டுக்கு 64 மெகாபைட், மோனோவில் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். கட்டம் கட்டமாகத் தட்டை நட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒலியின் தன்மையை மாற்றி, ஒரே வளையத்தை இருபது நிமிடம் சலிக்காமல் உருமாற்றுவதில் அதை மிஞ்ச இந்த விலையில் ஒன்றும் இல்லை. டெக்னோ, ஹவுஸ் செய்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

இனி எஸ்பி. அதில் 16 பேடுக்கு 10 பேங்க், ஒரு பிராஜெக்டுக்கு 160 சாம்பிள். பேடுகள் அடியின் பலத்தை உணரும். மைக்கை நேராகச் செருகலாம், பாடுபவரின் குரலுக்கு ஆட்டோ பிட்ச், ஹார்மனி, வோகோடர் எல்லாம் உள்ளேயே உண்டு. டைனமிக் மைக்தான் செருக வேண்டும், கன்டென்சர் மைக்குக்குத் தேவையான பேன்டம் மின்சாரம் வராது. ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும், யூஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்கிலும் ஓடும். கைத்தொலைபேசியை அதே யூஎஸ்பி-சியில் இணைத்துப் போனின் சத்தத்தை நேரடியாக உள்ளே வாங்கலாம். பதிவு பொத்தானை அழுத்த மறந்து வாசித்துவிட்டாலும் ஸ்கிப் பேக் கடைசி 25 விநாடியைத் திருப்பித் தரும். வினைல் சிம், டிஜேஎஃப்எக்ஸ் லூப்பர் இரண்டும் மேடையில் கூட்டத்தைத் தூக்கும் எஃபெக்ட்டுகள். தடுமாறும் இடம் பாட்டை அடுக்குவது. முன்னிசை, பல்லவி, ராப் பகுதி, இடைவெளி, திரும்பப் பல்லவி என்று மூன்றரை நிமிடத்தைக் கோத்து, பிறகு 'இரண்டாவது ராப்பில் தவிலை மட்டும் எடு' என்று நண்பன் சொன்னால், எம்பிசியின் 7 அங்குலத் தொடுதிரையில் ஒரு நிமிட வேலை. எஸ்பியின் சிறு திரையில் அது பொறுமையைச் சோதிக்கும். ஆகவே பாட்டு வெளியீட்டைத் தள்ளி வைத்து, அடுத்த மாதமே மேடை ஏறப்போகிறீர்கள் என்றால் என் பதில் எஸ்பிக்கு மாறும்.

சின்னக் கருவியான இபி-133 கே.ஓ.2 பற்றியும் யாராவது சொல்வார்கள். நான்கு ஏஏஏ பேட்டரியில் ஓடும், மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளேயே. ரயிலில் யோசனை பதிந்து வைக்க அருமை, உங்கள் முதல் கருவியாக வேண்டாம்.

கருவி எதுவானாலும் பாட்டு நிற்பதும் விழுவதும் சாம்பிள் எடுத்த விதத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எம்பிசி ஒன் பிளஸின் உள்ளீடுகள் லைன் அளவுக்கானவை, அதாவது மிக்சர் போன்றவை அனுப்பும் வலுவான சிக்னலுக்கானவை. மைக்கை நேராகச் செருகினால் சத்தம் மெலிந்து, ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து வரும். குழுவில் யாரிடமாவது சிறு மிக்சர் இருக்கும், அதன் வழியாக அனுப்புங்கள். இல்லையென்றால் கையடக்க ரெக்கார்டரில் பதிந்து எஸ்டி கார்டில் மாற்றுங்கள். போனில் பதிவதானால் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைக்க முடிகிற ஆப் வேண்டும். அது இயங்கினால் பலத்த தட்டுக்குப் பின் வரும் மெல்லிய தட்டையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடும், அடுக்கு கட்டுவதற்கே பயன்படாது.

தாமான் வீட்டு வரவேற்பறை வேண்டாம். ஓட்டுத்தரையும் வெறுஞ்சுவரும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வால் ஒட்டிவிடும், அந்த வாலைப் பிறகு எந்தக் கருவியாலும் வெட்ட முடியாது. எதிரொலியை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், எடுக்கத்தான் முடியாது. மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறையில் உட்கார்ந்து, பின்னால் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்துங்கள். மழை நாளில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாத் தட்டையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். நேற்று எடுத்த வலுவான தட்டும் இன்று எடுத்த மெல்லிய தட்டும் ஒரே பேடில் ஒத்துப்போகாது.

தட்டும் பக்கத்துக்கு மைக்கை ஒரு சாண் தள்ளி, தோலின் நடுவை நோக்காமல் விளிம்பை நோக்கி வையுங்கள். தேய்க்கும் பக்கத்துக்கு அதில் பாதித் தூரம், கொஞ்சம் சாய்த்து, குச்சி தோலில் உராயும் கரகரப்பு நேராக மைக்கில் விழாதபடி. அளவு மானியில் உச்சம் -12க்கும் -6 டெசிபலுக்கும் இடையே நிற்கட்டும். முழு பலத்தில் ஒரு முறை ஓங்கி அடித்துப் பார்த்துவிட்டு அளவை வையுங்கள், ஏனென்றால் பதிவு ஆரம்பித்ததும் கை தன்னால் பலம் கூட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து வைத்தால் பின்னால் எந்தக் கருவிக்கு மாறினாலும் மூலம் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு வகைத் தட்டையும் மெல்ல, நடு, பலம் என மூன்று அளவில், அளவுக்கு நான்கு முறை அடியுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள். உறுமலை மட்டும் தனியாக, குட்டை, நடுத்தரம், நீளம் என்று வெவ்வேறு இழுப்பில் எடுங்கள். கடைசியாக முழுக் குழுவும் சேர்ந்து நான்கு வட்டம். தனித் தட்டுகளில் கிடைக்காத ஒட்டுதல் அதில் இருக்கும், பல்லவிக்குப் பின்னால் மெல்லிதாக ஓடவிட அதுதான் உதவும்.

வெட்டும்போது நேரும் கோளாறுகள் இரண்டு. தட்டுக்கு முன்னால் 10 மில்லிவிநாடி மௌனம் மிச்சமிருந்தால், பேடை அடித்ததும் சத்தம் பின்தங்குவது போலத் தோன்றும். பலர் அதைக் கருவியின் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, தட்டு எழும் இடத்திலேயே தொடக்கத்தை வையுங்கள். அடுத்தது, அலையின் நடுவில் வெட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டி, முடிவில் ஒலி மெல்ல அடங்கும்படி 5 மில்லிவிநாடி ஃபேட் கொடுத்தால் போய்விடும். உறுமல் பேடையும் அதே பக்கத்துத் தட்டுப் பேடையும் ஒரே மியூட் குரூப்பில் போடுங்கள். தட்டு விழுந்ததும் உறுமல் அறுபட வேண்டும், உண்மையான உறுமியில் அப்படித்தானே? பேடுகளை அடிக்கும் முன் ஃபுல் லெவல் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எரிந்தால் நீங்கள் கட்டிய அடுக்கெல்லாம் வீண், எப்போதும் பலத்த தட்டே ஒலிக்கும்.

குழு வாசித்த நான்கு வட்டத்தை உங்கள் பாட்டின் வேகத்துக்குக் கொண்டுவர முதலில் அதன் வேகம் தெரிய வேண்டும். 16 அடி 7.4 விநாடியில் ஓடினால் 16ஐ 60ஆல் பெருக்கி 7.4ஆல் வகுங்கள்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 அடி. பாட்டு 122 என்றால் இரண்டு வழி. வார்ப் செய்தால், அதாவது வேகத்தை மட்டும் நீட்டினால், சுருதி மாறாது, ஆனால் தட்டின் முனை மழுங்கும், உறுமலின் வழுக்கல் துண்டு துண்டாக நடுங்கும். மற்ற வழி சுருதியோடு சேர்த்தே இறக்குவது: ஒரு அரைச்சுரமும் பத்து சென்ட்டும் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்) கீழே. தோல் கருவிக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன். சத்தம் இன்னும் கனமாகும், தட்டு கூர்மையாகவே இருக்கும். வேக வித்தியாசம் 15ஐத் தாண்டினால் மட்டும், வட்டத்தைத் தட்டுத் தட்டாக வெட்டிப் பேடுகளில் பரப்பித் திரும்ப வாசித்துவிடுங்கள்.

பாட்டு முடிந்ததும் ஆடியோ மிக்ஸ்டவுனில் டிராக்குகளைத் தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில் எடுங்கள். மிக்ஸ் செய்பவரிடம் ஒட்டுமொத்தமாக ஒரே கோப்பைக் கொடுத்தால் அவர் கையைக் கட்டிப்போட்டது போல ஆகும்.

மேடைக்கு எம்பிசி ஒன் பிளஸில் குறை ஒன்று உண்டு: பேட்டரி கிடையாது. 19 வோல்ட் அடாப்டர் ஒரு நொடி விட்டுப்போனாலும் கருவி அணைந்து திரும்ப எழும். மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சி என்றால் சிறிய யூபிஎஸ் ஒன்று கூடவே இருக்கட்டும். முழு நிகழ்ச்சியையும் ஒரே பிராஜெக்டில் சீக்வென்ஸ்களாக வையுங்கள், பாட்டுக்குப் பாட்டு பிராஜெக்ட் திறந்தால் நடுவில் மேடை வெறுமையாக நிற்கும். நினைவகம் பயமில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் அளவுதான், கருவியில் 2 ஜிகாபைட் இருக்கிறது. வெளியீடு ஒரே ஒரு ஜோடி என்பதால் தவில்காரருக்குக் கிளிக் (வேகம் காட்டும் டிக்-டிக் சத்தம்) கொடுக்க ஒரு வழி: பீட் டிராக்குகளை முழுக்க இடப்பக்கம், கிளிக் டிராக்கை முழுக்க வலப்பக்கம் தள்ளுங்கள். இடது கேபிள் மேடை மிக்சருக்கு, வலது கேபிள் அவர் காதுக்கு. இதற்குச் சாம்பிள்கள் மோனோவாக இருக்க வேண்டும். ஸ்டீரியோ சாம்பிளை ஒரு பக்கம் தள்ளினால் மறுபாதி ஒலி தொலைந்துவிடும். நண்பரின் மைக்கை எம்பிசிக்குள் கொண்டுவராதீர்கள், மிக்சருக்கே போகட்டும்.

பழைய கருவி வாங்கும்போது பிளக் உள்ள இடத்தில் சந்தியுங்கள். முதலில் பெயரைச் சரிபாருங்கள், ஒன் என்பதும் ஒன் பிளஸ் என்பதும் விளம்பரங்களில் கலந்து வரும். வழக்கமான ஒன் கறுப்பு, 4 ஜிகாபைட் சேமிப்பு, வைஃபை இல்லை. ஒன் பிளஸ் சிவப்பு, 16 ஜிகாபைட், வைஃபையும் புளூடூத்தும் உண்டு. பிளஸ் விலைக்கு ஒன்னை வாங்கிவிடாதீர்கள். பதினாறு பேடையும் ஒரு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஓங்கி அடித்தால் எல்லாப் பேடும் வேலை செய்யும், தேய்ந்த பேட் மெல்லிய தொடுகைக்குத்தான் மௌனம் காக்கும். ஒரு தட்டுக்கு இரண்டு முறை ஒலிக்கிறதா, தொடாத பக்கத்துப் பேட் எரிகிறதா என்றும் பாருங்கள். திரையின் நான்கு மூலைகளிலும் விரலை இழுங்கள். குமிழ்களை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி எண் பின்னோக்கித் தாவுகிறதா எனக் கவனியுங்கள். இடது, வலது, ஹெட்போன் மூன்றிலும் சத்தம் கேட்ட பிறகு, எஸ்டி கார்டில் ஒரு பிராஜெக்டைச் சேமித்து, அணைத்து, திரும்பத் திறங்கள். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியோடு 100 அல்லது 120 வோல்ட்டுக்கு மட்டுமான அடாப்டர் இருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் அது புகைந்துவிடும்.

இசைத்தட்டுக் கேள்வி. பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் வாரக்கடைசிச் சந்தையில் இசைத்தட்டுகள் தேடலாம், ஆனால் டர்ன்டேபிளை எம்பிசி ஒன் பிளஸில் நேராகச் செருக முடியாது. இடையில் ஒரு போனோ பிரீஆம்ப் வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் மெலிந்து பேஸ் இல்லாமல் கேட்கும். எம்பிசி லைவ் 2 போன்றவற்றில் போனோ உள்ளீடு உண்டு. வெளியிடுவதில்தான் சிக்கல். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 50 ஆண்டு, இசை, பாடல் வரிகளுக்கு அதைப் படைத்தவரின் ஆயுளோடு இன்னும் 50 ஆண்டு. இந்தியாவில் இரண்டுமே 60. 1970இல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை இங்கே காலாவதியாகியிருக்கலாம், அங்கே 2030 முடியும்வரை நிற்கும், இசையமைப்பாளரின் உரிமையோ அதற்குப் பின்னும் தொடரலாம். நீங்கள் ஏற்றும் பாட்டு இரண்டு நாட்டிலும் கேட்கும். இரண்டு விநாடி எடுத்தாலும் ஒலிப்பதிவுக்கும் இசைக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும். வீட்டில் பழகுவதற்கு இசைத்தட்டிலிருந்து வெட்டுங்கள், வெளியிடும் பாட்டில் உங்கள் குழுவின் சத்தம் மட்டும் இருக்கட்டும். அதிலும் வாசித்த ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பதிவு நடக்கும் நாளிலேயே.